மேக்சல்ஃப் போட்டதும் உடம்பு ஏன் எரிகிறது? ரத்தக்குழாய்க்குள் மெக்னீசியம் என்னதான் செய்கிறது?

வார்டு_செவிலி

எல்லாருக்கும் வணக்கம். லேபர் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன், ஏழு வருஷம் ஆகிறது. போன வாரம் நைட் டூட்டியில் நடந்ததிலிருந்து ஒரு கேள்வி மனசிலேயே நிற்கிறது.

முதல் பிரசவம், 34 வாரம். பிபி 170/110, யூரினில் ஆல்புமின் மூன்று ப்ளஸ், தலைவலி, கண் மங்கல் என்று ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார்கள். டாக்டர் சொன்னபடி மேக்சல்ஃப் (மெக்னீசியம் சல்ஃபேட் ஊசி) லோடிங் டோஸ், அதாவது முதல் பெரிய அளவு, ஆரம்பித்தோம். ஆம்பியூல் ஒன்றில் ஒரு கிராம். நாலு ஆம்பியூல் எட்டு மில்லி, அதோடு பன்னிரண்டு மில்லி டிஸ்டில்டு வாட்டர் கலந்து இருபது மில்லியாக்கி மெதுவாக ரத்த நரம்பில் போட வேண்டும். பிறகு இரண்டு பக்கம் இடுப்பிலும் ஐந்தைந்து கிராம். மொத்தம் 14 ஆம்பியூல் உடைக்கணும், செய்தவர்களுக்குத் தெரியும்.

நரம்பில் பாதிகூடப் போகவில்லை, அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உடம்பெல்லாம் தீயா எரியுதுக்கா, தொண்டையெல்லாம் சூடாகுது" என்றாள். முகம், கழுத்து எல்லாம் சிவந்துவிட்டது. கதவோரம் நின்ற அவள் அம்மா, "என்னம்மா ஊசி போடுறீங்க எம்புள்ளைக்கு" என்று அழ ஆரம்பித்துவிட்டார். "இந்த ஊசிக்கு அப்படித்தாம்மா இருக்கும், அஞ்சு நிமிஷத்துல சரியாயிடும்" என்றேன். அப்படியே ஆனது. ஆனால் ஏன் அப்படி என்று அந்த அம்மா கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

படிக்கும்போது நோட்டில் எழுதியது ஒரே ஒரு வரி: மெக்னீசியம் கால்சியத்துக்கு எதிரி, ரத்தக்குழாயைத் தளர்த்தும். எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். எப்படித் தளர்த்துகிறது? கால்சியத்தைத் தடுக்கிறது என்றால் நிபெடிபின் செய்வதும் அதேதானே, அப்புறம் ஏன் பிபிக்குத் தனியாக லேபெட்டலாலும் நிபெடிபினும் கொடுக்கிறோம்? ட்ரேயில் கால்சியம் குளுக்கோனேட் ஆம்பியூல் எப்போதும் இருக்கணும் என்கிறார்களே, அதைப் போட்டால் என்ன நடக்கும்? தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகச் சொன்னால் நல்லது.


மகப்பேறு_மருத்துவர்

சிஸ்டர், எரிச்சலுக்குக் காரணம் தோலில் இருக்கும் சின்ன ரத்தக்குழாய்கள் ஒரே நேரத்தில் விரிவது. சூடான ரத்தம் தோலுக்கு வருகிறது, அவ்வளவுதான். வேகமாகப் போட்டால் அதிகமாக எரியும். அதனால் நிதானமாகப் போடுங்கள், முன்கூட்டியே நோயாளியிடம் சொல்லிவிடுங்கள்.

பிபி விஷயத்தில் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். மேக்சல்ஃப் கொடுப்பது வலிப்பு வராமல் இருக்க. பிபி கொஞ்சம் இறங்கும், கொஞ்ச நேரத்தில் பழைய இடத்துக்கு ஏறிவிடும். 160/110-க்கு மேல் இருந்தால் பிபி மருந்து தனியாகப் போயே ஆக வேண்டும். ஏன் என்பதற்கு என்னைவிட அடிப்படை அறிவியல் படித்தவர்கள் சொன்னால் சரியாக இருக்கும்.


திசுத்தொட்டி

தங்கச்சி, உன் கேள்வியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் டாக்டர் இல்லை. ஒரு மருத்துவக் கல்லூரியின் உடலியங்கியல் ஆய்வகத்தில் டெக்னீஷியனாக 28 வருஷம் வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் எலியின் பெருந்தமனியை வெட்டித் தொட்டியில் தொங்கவிடும் வேலை. மெக்னீசியம் ரத்தக்குழாயை என்ன செய்யும் என்பதைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னால் பதிவுக்கருவியின் பேனா வரைந்த கோட்டில் பார்த்தவள். அந்த வழியிலேயே சொல்கிறேன்.

தமனியை மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்கு வளையம் வளையமாக நறுக்குவோம். உள்சுவரில் விரலோ கத்தரியோ உரசக் கூடாது. இரண்டு எஃகுக் கொக்கிகளை உள்ளே நுழைத்து, ஒன்றை அடியில் கட்டி, மற்றதை விசை அளக்கும் கருவியில் மாட்டி, 37 டிகிரியில் வைத்த கிரெப்ஸ் கரைசல் என்ற உப்புக் கரைசலுக்குள் இறக்கினால் அந்த வளையம் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். கரைசலைக் காலையில் நான்தான் தயாரிப்பேன். அளவுகள் இன்றைக்கும் மனப்பாடம்: சோடியம் குளோரைடு 118, பொட்டாசியம் 4.7, கால்சியம் 2.5, மெக்னீசியம் சல்ஃபேட் 1.2, எல்லாம் மில்லிமோலார் கணக்கு. காற்றுக் கலவை குமிழியிடுவதற்கு முன்னால் அவசரப்பட்டுக் கால்சியத்தைச் சேர்த்தால் தொட்டி அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுத்துப் போகும். மொத்தத்தையும் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

இப்போது தொட்டியில் பொட்டாசியத்தை 60-க்கு ஏற்றினால் வளையம் இறுகும், பேனா சரசரவென்று மேலே ஏறும். ஏறி நிலையாக நிற்கும்போது மெக்னீசியத்தை 1.2-லிருந்து 4.8-க்குக் கூட்டுவோம். பேனா உடனே விழாது. மூச்சை விடுவதுபோல மெதுவாக இறங்கும், பாதி வழியில் நின்றுவிடும். அந்த நிலையில் கூடுதலாகக் கால்சியம் விட்டால் கோடு மறுபடி ஏறும். உன் ட்ரேயில் இருக்கும் குளுக்கோனேட் ஆம்பியூலுக்கான பதில் அந்த ஏற்றத்தில்தான் இருக்கிறது.

சரி, உள்ளே நடப்பது என்ன? ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் மென்தசை செல்லுக்கு வெளியே, அயனியாக இருக்கும் கால்சியம் சுமார் 1.2 மில்லிமோலார். செல்லுக்கு உள்ளே, சும்மா இருக்கும்போது, அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். இந்த ஏற்றத்தாழ்வுதான் சமிக்ஞையே. அணைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் முட்டி நிற்கிறது, மதகைக் கொஞ்சம் திறந்தால் போதும். செல் தூண்டப்பட்டதும் அதன் தோலில் இருக்கும் எல்-வகைக் கால்சியம் சேனல்கள் திறக்கும், கால்சியம் உள்ளே பாயும். அதோடு செல்லுக்குள்ளேயே இருக்கும் கிடங்கிலிருந்தும் கால்சியம் கொட்டும். உள்ளே வந்த கால்சியம் கால்மோடுலின் என்ற புரதத்தில் நான்கு நான்காக உட்காரும். அந்தக் கால்மோடுலின் ஒரு நொதியை எழுப்பும். நொதி மயோசின் என்ற தசைப் புரதத்துக்கு பாஸ்பேட் மாட்டிவிடும். பாஸ்பேட் ஏறிய மயோசின் ஆக்டின் என்ற இன்னொரு தசைப் புரதத்தைப் பிடித்து இழுக்கும், குழாய் சுருங்கும். பிபி ஏறும்போது உடம்பு முழுக்க இருக்கும் நுண் தமனிகளில் இதுதான் நடக்கிறது.

மெக்னீசியத்துக்கு அந்த அணைக்கட்டு கிடையாது. செல்லுக்குள் கட்டற்று இருக்கும் மெக்னீசியம் அரை முதல் ஒரு மில்லிமோலார், வெளியிலும் கிட்டத்தட்ட அதே அளவு. அதனால் மெக்னீசியம் பாய்ந்து வந்து செய்தி சொல்லாது. வீட்டில் எப்போதும் இருக்கும் பெரியவர் மாதிரி. குரல் உயர்த்துவதில்லை, ஆனால் அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் வீட்டில் சத்தம் ஒரு அளவைத் தாண்டாது.

இரண்டும் இரட்டை நேர்மின்சுமை கொண்ட அயனிகள். ஒரே மாதிரி இடங்களில் போய் உட்காரப் பார்ப்பவை. வித்தியாசம் தண்ணீரில் இருக்கிறது. வெறும் அயனியாகப் பார்த்தால் மெக்னீசியம் கால்சியத்தைவிடச் சின்னது. சின்ன உடம்பில் அதே மின்சுமை என்பதால் தன்னைச் சுற்றி ஆறு தண்ணீர் மூலக்கூறுகளை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும், லேசில் விடாது. கால்சியம் தன் தண்ணீரை அதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வேகமாக உதறிவிடும். எல்-வகைச் சேனலின் குறுகலான இடத்தைத் தாண்ட வேண்டுமானால் தண்ணீரை உதறியாக வேண்டும். கால்சியம் உதறிவிட்டு நுழைந்துவிடும். மெக்னீசியம் வாசல்வரை வரும், உதற மாட்டாமல் அங்கேயே நிற்கும். டவுன் பஸ்ஸில் உள்ளேயும் போகாமல் இறங்கவும் செய்யாமல் படிக்கட்டில் நிற்கிற ஆளை நினைத்துக்கொள். பஸ் நிற்பதில்லை, ஆனால் ஏறுகிறவர்கள் குறைகிறார்கள். அதோடு செல்லின் வெளித்தோலில் இருக்கும் எதிர்மின்சுமைகளையும் மெக்னீசியம் மூடிவிடுவதால், சேனல் திறக்க முன்பைவிடக் கூடுதல் தூண்டுதல் தேவைப்படும்.

வாசலோடு முடிந்துவிடவில்லை. உள் கிடங்கின் கதவுகள் இரண்டு வகை. ரியனோடின் ஏற்பி என்பது ஒன்று, ஐபி3 ஏற்பி என்பது இன்னொன்று. இரண்டையும் செல்லுக்குள் இருக்கும் மெக்னீசியம் அடக்கி வைக்கிறது. கொட்டிய கால்சியத்தை மறுபடி கிடங்குக்குள் இறைக்கும் பம்பு ஏடிபி என்ற செல் எரிபொருளில் ஓடுகிறது. அந்த ஏடிபி மெக்னீசியத்தோடு சேர்ந்திருந்தால்தான் பம்புக்குப் பயன்படும். கால்மோடுலினில் கால்சியம் உட்கார வேண்டிய இடத்திலும் மெக்னீசியம் போய் உட்கார்ந்து போட்டி போடும். இப்படி ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துகிறது. ஒரே இடத்தில் பூட்டுப் போடும் மருந்து இல்லை இது.

இதிலேயே உன் இரண்டாவது கேள்விக்கு விடை இருக்கிறது. நிபெடிபின் அந்த ஒரு வாசலில் நானோமோலார் அளவிலேயே இறுக்கமாக ஒட்டிக்கொண்டு அடைத்துவிடும். மெக்னீசியத்துக்கு மில்லிமோலார் கணக்கில் வேண்டும். அந்த இரண்டு அலகுகளுக்கும் நடுவே பத்து லட்சம் மடங்கு இருக்கிறது. என் தொட்டியில் பொட்டாசியத்தால் இறுகிய வளையத்தில் நிபெடிபின் விட்டால் கோடு கிட்டத்தட்டத் தரைக்கு வந்துவிடும். மெக்னீசியத்தில் பாதியில் நின்றது என்று சொன்னேனே. நோயாளியின் ரத்தத்தில் நீ எட்டப் பார்க்கும் அளவு 2-லிருந்து 3.5 மில்லிமோலார், அதாவது சாதாரணத்தைப்போல இரண்டிலிருந்து நான்கு மடங்கு. அந்த அளவில் குழாய் தளரும், முழுக்க விட்டுக்கொடுக்காது. கர்ப்பகால ரத்த அழுத்தத்தில் குழாயைச் சுருக்கச் சொல்லி வேறு கட்டளைகளும் வந்துகொண்டே இருக்கும். கால்சியம் அதே அளவில் இருந்தாலும் இறுக்கத்தைத் தக்கவைக்கும் ரோ கைனேஸ் என்று ஒரு வழி இருக்கிறது. அதனால்தான் டாக்டர் சொன்னதுபோல பிபிக்குத் தனி மருந்து.

கை வலிக்கிறது, மீதியைச் சாயங்காலம் எழுதுகிறேன்.


உடலியங்கியல்_பிஜி

அம்மா எழுதியது அருமை. இரண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மெக்னீசியம் தளர்த்துவதற்கு மட்டுமே என்று படிப்பவர்கள் நினைத்துவிடக் கூடாது. மயோசினுக்கு பாஸ்பேட் மாட்டும் நொதிக்கும் மெக்னீசியத்தோடு சேர்ந்த ஏடிபிதான் வேண்டும். மயோசின் இழுப்பதற்கும் அதுவேதான். மெக்னீசியம் இல்லாமல் சுருக்கமும் இல்லை. இரண்டாவது, கால்மோடுலினில் நடக்கும் போட்டி செல் ஓய்வாக இருக்கும்போதுதான் முக்கியம். கால்சியம் வெள்ளமாக வந்துவிட்டால் மெக்னீசியம் அங்கிருந்து எழுந்துவிடும். ஆகவே என் கணக்கில் வாசலும் கிடங்குக் கதவும்தான் பெரிய பங்கு.

செல்லுக்குள் மெக்னீசியம் போகும் வழிகளில் ஒன்று டிஆர்பிஎம்7. 2001-ல் அடையாளம் காணப்பட்டது. ஒரே புரதத்தில் சேனலும் இருக்கிறது, நொதியும் இருக்கிறது. ரத்தக்குழாய் மென்தசையில் இதைப் பற்றி நிறைய ஆய்வுகள் நடக்கின்றன.


திசுத்தொட்டி

தம்பி, ஏடிபி பற்றி நீங்கள் சொன்னது ரொம்பச் சரி, நான் பம்பை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். கால்மோடுலின் விஷயத்திலும் ஒத்துக்கொள்கிறேன்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்கலாம். மெக்னீசியத்தைக் கூட்டாமல் கரைசலிலிருந்து எடுத்துவிட்டால் என்ன ஆகும்? 1980-ல் துர்லபதி, ஆல்டுரா என்ற இருவர் நியூயார்க்கில் நாயின் இதயத் தமனியில் இதைச் செய்து வெளியிட்டார்கள். மெக்னீசியம் இல்லாத கரைசலில் குழாயின் இறுக்கம் தானாகவே கூடியது, சுருக்கும் பொருள்களைக் கொடுத்தபோது முன்பைவிட அதிகமாகச் சுருங்கியது. எங்கள் பேராசிரியர் அந்தக் கட்டுரையின் ஜெராக்ஸைக் கொடுத்து, "நம்ம எலியில் பார்த்துவிடலாம்" என்றார். மெக்னீசியம் சல்ஃபேட்டை மட்டும் விட்டுவிட்டுக் கரைசல் கலக்கினேன். நான்கு வளையங்கள் தொங்கின. எந்த மருந்தும் விடவில்லை. அரை மணி நேரத்தில் அடிக்கோடு மெல்ல மெல்ல மேலே நகர ஆரம்பித்தது. கருவியில்தான் கோளாறு என்று நினைத்துப் பூஜ்யத்தைச் சரிபார்த்தேன், கோளாறு இல்லை. 1.2 மெக்னீசியத்தைத் திருப்பி விட்டதும் கோடு பழைய இடத்துக்கு இறங்கியது. திண்ணைப் பெரியவர் என்று சொன்னேனே, அவர் எழுந்து போனால் என்ன ஆகும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இப்போது கால்சியம் குளுக்கோனேட்டுக்கு வருகிறேன். மெக்னீசியம் தடுப்பது ரத்தக்குழாயின் கால்சியம் வாசலை மட்டும் இல்லை. நரம்பு போய்த் தசையைத் தொடும் இடத்திலும் இதே கதைதான். நரம்பு முனைக்குள் கால்சியம் நுழைந்தால்தான் அசிட்டைல்கோலின் என்ற செய்திப் பொருள் வெளியே வரும், தசை அசையும். வாசல் அங்கே வேறு வகைச் சேனல், ஆனால் மெக்னீசியம் அங்கேயும் படிக்கட்டில் நிற்கும். அளவு கூடினால் முதலில் முட்டித் துடிப்பு, அதாவது முட்டியில் தட்டினால் கால் உதறுவது, போகும். ரத்தத்தில் 3.5-லிருந்து 5 மில்லிமோலார் வரும்போது அது மறையும். இன்னும் கூடினால், 5-க்கு மேலே, மூச்சுத் தசை தளர ஆரம்பிக்கும். அதனால்தான் ஒவ்வொரு டோஸுக்கு முன்னும் முட்டியைத் தட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள். மூச்சு நிற்பதற்கு முன்னால் முட்டி சொல்லிவிடும்.

குளுக்கோனேட் செய்வது அதிசயம் ஒன்றும் இல்லை. வெளியே கால்சியத்தைக் கூட்டுகிறது. படிக்கட்டில் நிற்பவர் ஒருவர்தான், ஏற வருகிற கூட்டம் இரண்டு மடங்கானால் இடித்துக்கொண்டு ஏறிவிடுவார்கள். தொட்டியில் கோடு திரும்ப ஏறியதும் அதனால்தான். ஆனால் ரத்தத்தில் இருக்கும் மெக்னீசியம் அப்படியே இருக்கும், அதை வெளியேற்றுவது சிறுநீரகம் மட்டும்தான். யூரின் அவுட்புட் பார்க்கச் சொல்வது ஏன் என்று இப்போது புரியும்.


வார்டு_செவிலி

அக்கா, இதைப் படித்துவிட்டு எனக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. முட்டி, மூச்சு, யூரின் என்று ஏழு வருஷமாகச் சார்ட்டில் டிக் போட்டு வந்திருக்கிறேன். மூன்றும் ஒரே கதையின் மூன்று பக்கம் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

ஒரு சந்தேகம். வலிப்பைத் தடுப்பதும் மூளையின் ரத்தக்குழாய் தளர்வதால்தானா?


மகப்பேறு_மருத்துவர்

அது ஒரு பங்கு, முழுக்கவும் இல்லை சிஸ்டர். மூளை நரம்புச் செல்களில் என்எம்டிஏ ஏற்பி என்று ஒன்று இருக்கிறது. அதன் வழியாகவும் கால்சியம் நுழையும், அந்தத் துளையிலும் மெக்னீசியம் போய் அடைக்கும். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் இருக்கும் தடுப்பு கசியாமல் காப்பதும் சேர்ந்திருக்கலாம் என்கிறார்கள்.

எப்படி வேலை செய்கிறது என்பதில் விவாதம் இருந்தாலும், வேலை செய்கிறதா என்பதில் இல்லை. 1995-ல் வந்த எக்லாம்ப்சியா (கர்ப்பகால வலிப்பு) ஆய்வில் இந்தியாவும் சேர்ந்திருந்தது. மற்ற வலிப்பு மருந்துகளில் டயசிபாமோடு ஒப்பிட்டால் மறுபடி வலிப்பு வருவது பாதியாகக் குறைந்தது, பெனிட்டாயினோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்காக. 2002-ல் மேக்பை ஆய்வு, 33 நாடுகள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகள். வலிப்பு வரும் ஆபத்து 58 சதவீதம் குறைந்தது. இத்தனை மலிவான மருந்தில் இவ்வளவு பலன் என் தொழிலில் வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.


திண்டுக்கல்_வாசகன்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். அப்பாவுக்கு 64 வயது, பிபி மாத்திரை சாப்பிடுகிறார். மெக்னீசியம் மாத்திரை சாப்பிட்டால் பிபி மாத்திரையை விட்டுவிடலாம் என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை நம்பிக்கொண்டு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறார். குழாய் தளரும் என்று நீங்களும் சொல்கிறீர்கள். கொடுக்கலாமா?


கிட்னி_வார்டு

வேண்டாம் தம்பி, பிபி மாத்திரையை நிறுத்தாதீர்கள். 2016-ல் 34 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். தினமும் சராசரியாக 368 மில்லிகிராம் மெக்னீசியம் மூன்று மாதம் சாப்பிட்டதில் மேல் அளவு 2 புள்ளி, கீழ் அளவு 2-க்கும் குறைவு இறங்கியது. 160-ஐ 158 ஆக்குவதற்கு மாத்திரையை விடுவதா? அப்பாவுக்கு கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) பார்த்திருக்கிறீர்களா? சிறுநீரகம் மந்தமாக இருந்தால் மெக்னீசியம் வெளியேறாமல் சேர்ந்துகொண்டே போகும். மேலே திசுத்தொட்டி அம்மா சொன்ன முட்டியும் மூச்சும் அவருக்கும் பொருந்தும்.

அதே சமயம் நிஜமாகவே மெக்னீசியம் குறைந்தவர்களும் இருக்கிறார்கள். நீர் பிரியும் மாத்திரை நீண்ட நாள் சாப்பிடுபவர்கள், வருஷக்கணக்கில் அல்சர் மாத்திரை போடுபவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள். அவர்களுக்கு டாக்டர் ரத்தம் பார்த்துக் கொடுப்பார். அந்த ரத்த அளவும் முழுக் கதையைச் சொல்லாது, உடம்பின் மெக்னீசியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட ரத்தத்தில் இல்லை.


திசுத்தொட்டி

கிட்னி_வார்டு சொன்னதை நான் அப்படியே வழிமொழிகிறேன். எனக்கும் இதில் ஒரு அனுபவம் உண்டு, சொல்லிவிடுகிறேன்.

1992-ல் இங்கிலாந்தில் லெஸ்டரிலிருந்து ஒரு முடிவு வந்தது. மாரடைப்பு வந்தவர்களுக்கு உடனே மெக்னீசியம் நரம்பில் ஏற்றினால் இறப்பு 24 சதவீதம் குறைகிறது என்று. இரண்டாயிரத்து முந்நூறு பேர் வரை சேர்ந்த ஆய்வு. எங்கள் ஆய்வகத்தில் அன்றைக்கு எல்லாருக்கும் சந்தோஷம். பேராசிரியர் காபி வாங்கித் தந்தார். நாங்கள் தொட்டியில் பார்த்த தளர்ச்சி ஆள்களைக் காப்பாற்றுகிறது என்று நான் வீட்டுக்குப் போய் அம்மாவிடம்கூடச் சொன்னேன். மூன்று வருஷம் கழித்து 58,050 பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வு வந்தது. பலன் இல்லை. 2012-ல் மூளையில் ரத்தக்குழாய் வெடித்தவர்களுக்கு, குழாய் இறுகிப்போகாமல் இருக்க மெக்னீசியம் ஏற்றிப் பார்த்தார்கள். 1,204 பேர். அதிலும் பலன் இல்லை.

இரண்டும் எனக்கு வலித்தது. ஆனால் நான் தொட்டியில் பார்த்தது பொய்யில்லை. அந்த வளையத்துக்கு நரம்பு கிடையாது, சிறுநீரகம் கிடையாது, பிபி இறங்கியதும் மறுபடி ஏற்றச் சொல்லிக் கட்டளை அனுப்பும் மூளை கிடையாது. நான் விட்ட மெக்னீசியம் நான் கழுவும்வரை அங்கேயே இருந்தது. ஆளுக்குள் அப்படி இல்லை. திண்டுக்கல் தம்பி, அப்பாவிடம் இதை நீங்கள் சொல்லலாம்: குழாய் தளர்வது உண்மை, அவருடைய பிபிக்கு அது போதாது என்பதும் உண்மை. கேழ்வரகு, கம்பு, கீரை, கடலை எல்லாம் தட்டில் இருக்கட்டும். மாத்திரையும் இருக்கட்டும்.


திண்டுக்கல்_வாசகன்

நன்றிம்மா. பாட்டிலை எடுத்து வைத்துவிட்டேன். கிரியேட்டினின் நாளைக்குப் பார்க்கிறோம்.


உடலியங்கியல்_பிஜி

அம்மா, உள்சுவரை உரசக் கூடாது என்றீர்களே. உள்சுவரைச் சுரண்டி எடுத்த வளையத்திலும் மெக்னீசியம் தளர்த்தியதா? உள்சுவரிலிருந்து வந்து குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடும் இதில் சேரும் என்று படித்திருக்கிறேன்.


திசுத்தொட்டி

தளர்த்தியது தம்பி. ஈரப் பஞ்சால் உள்ளே மெதுவாகத் தேய்த்து எடுத்துவிட்டு, அசிட்டைல்கோலின் விட்டுப் பார்ப்போம். உள்சுவர் இருந்தால்தான் குழாய் அதற்குத் தளரும். தளராவிட்டால் உள்சுவர் போய்விட்டது என்று உறுதி. அந்த வளையத்திலும் மெக்னீசியத்துக்குக் கோடு இறங்கியது. உள்சுவர் உதவி செய்யலாம், ஆனால் மெக்னீசியம் நேராக மென்தசையிலேயே வேலை செய்கிறது என்பதற்கு எனக்கு அது போதும்.


வார்டு_செவிலி

எல்லாருக்கும் நன்றி. நேற்று மறுபடி நைட். இன்னொரு பெண், 36 வாரம், மேக்சல்ஃப். ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்னாலேயே பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்: "இது உள்ள போகும்போது உடம்பு சூடா இருக்கும்மா. உன் ரத்தக்குழாய் எல்லாம் இறுகிப் போயிருக்கு, அது கொஞ்சம் விட்டுக்கொடுக்குது, அதான் அந்தச் சூடு. பயப்படாத." சூடு வந்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டு, "வந்துடுச்சுக்கா" என்றாள், அவ்வளவுதான்.

நாலு மணி நேரம் கழித்து அடுத்த டோஸ். காலைத் தொங்கவிட்டு முட்டியில் தட்டினேன், பாதம் நன்றாக உதறியது. மூச்சு நிமிஷத்துக்கு 18. பையில் யூரின் 200 மில்லி. அவள் மாமியார், "எதுக்குமா கால்ல அடிக்கிறீங்க?" என்று கேட்டார். ஆம்பியூலைக் கையில் வைத்துக்கொண்டே அவருக்குச் சொன்னேன், மருந்து அளவோடு இருக்கிறதா என்று முட்டிதான் முதலில் சொல்லும் என்று. அடுத்த டோஸ் நேரத்துக்கு அவரே என்னை எழுப்ப வந்தார், "முட்டி பாக்கணும்ல சிஸ்டர்" என்று.